மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன்: ஸ்டில் கேமராவில் டைம்லேப்ஸ் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாலையில் ஏரிக்கரையில் கேமராவுடன் நிற்பவர்களில் பெரும்பாலோர், சூரியனின் மேல் விளிம்பு மலைக்குப் பின்னால் மறைந்த அடுத்த நிமிடமே ட்ரைபாடை மடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தனிப்படம் எடுப்பவர்களுக்கு அது பெரிய இழப்பில்லை. இடைவெளி விட்டு எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கோத்து, நீண்ட நேரக் காட்சியைச் சில நொடிகளில் ஓடவைக்கும் டைம்லேப்ஸ் காணொளி எடுப்பவர்களுக்கோ அதன்பிறகு வரும் அரைமணி நேரம்தான் காணொளியின் உயிர். மேகத்தின் அடிப்பக்கம் சிவந்து, பிறகு ஊதாவாகி, கடைசியில் வானம் கருநீலத்துக்கு மாறும்போது கீழே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். கடினமான பகுதியும் அதுவே, ஏனெனில் அந்த அரைமணி நேரத்தில் ஒளி பல நூறு மடங்கு குறைகிறது. சூரியன் இறங்கும் இடத்தை முன்கூட்டியே கணித்துக்கொள்வது, குறையும் ஒளிக்கு ஏற்ப எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) படிப்படியாக நகர்த்துவது ஆகிய இரண்டும் கைவந்துவிட்டால், சாதாரண 18-55 மிமீ லென்ஸ் பொருத்திய தொடக்கநிலை கேமராவிலேயே நல்ல காணொளி கிடைக்கும்.

கிருஷ்ணகிரியை மையமாக வைத்தே இதை எழுதுகிறேன். தருமபுரியில் இருப்பவர்களுக்கும் எண்கள் ஏறத்தாழ அப்படியே பொருந்தும்.

சூரியன் எங்கே, எப்போது இறங்கும்

சூரியன் மேற்கே மறைகிறது என்று பள்ளியில் படித்திருந்தாலும், துல்லியமாக மேற்கில் மறைவது மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய தேதிகளை ஒட்டிய ஓரிரு நாள்களில் மட்டுமே. நம் பகுதி ஏறத்தாழ 12.5 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், வடக்கை 0 பாகையாகவும் மேற்கை 270 பாகையாகவும் கொண்டால், ஜூன் மூன்றாம் வாரத்தில் சூரியன் 294 பாகையிலும் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 246 பாகையிலும் இறங்குகிறது. ஆக, ஓராண்டில் மறையும் புள்ளி தொடுவானத்தில் 48 பாகை தூரம் போய்த் திரும்புகிறது. கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அப்படியானால் இது கிட்டத்தட்ட ஐந்து முட்டி அகலம். சென்ற டிசம்பரில் ஒரு பாறைக்குன்றின் இடுக்கில் அழகாக இறங்கிய சூரியனைத் தேடி ஜூனில் அதே இடத்துக்குப் போனால், அது எங்கோ வலப்பக்கத்து மாந்தோப்புக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும்.

இந்த நகர்வு எல்லா மாதத்திலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் மறையும் புள்ளி நாளொன்றுக்குச் சுமார் 0.4 பாகை நகரும். சூரியனின் விட்டமே அரைப் பாகைதான் என்பதால், ஒரு கோபுர உச்சியின் பின்னால் சூரியனை நிறுத்த நினைப்பவர் ஒரு நாள் தவறினாலும் குறி தப்பிவிடும். ஜூன், டிசம்பரில் அப்படியில்லை. ஒரு வாரம் முழுவதும் ஏறக்குறைய அதே இடம்தான். ஒரே புள்ளியில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை இறங்கும் என்பதும் பயனுள்ள செய்தி. ஏப்ரல் 20ஐ ஒட்டி எந்த இடுக்கில் இறங்கியதோ, ஆகஸ்ட் 23ஐ ஒட்டி மறுபடியும் அங்கேயே இறங்கும். ஏப்ரலில் மேகமில்லாமல் வெறிச்சோடிப்போன காட்சியை ஆகஸ்டில் தென்மேற்குப் பருவ மேகங்களோடு திரும்ப எடுக்கலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, சமதளத் தொடுவானத்துக்கான சூரிய மறைவு இங்கே நவம்பர் இறுதியில் மாலை 5.50ஐ ஒட்டியும், மார்ச் 20ஐ ஒட்டி 6.28 அளவிலும், ஜூன் இறுதியில் 6.45ஐத் தாண்டியும் நிகழ்கிறது. நாள்காட்டியில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பிப் போவதில்தான் நம் பகுதிக்காரர்கள் ஏமாறுகிறார்கள். கிருஷ்ணகிரி நகரம் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. மேற்கே போகப்போக நிலம் ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, ஓசூர் என்று உயர்ந்து, ஓசூர்ப் பக்கம் 900 மீட்டரை நெருங்குகிறது. இடையில் மொட்டைப் பாறைக்குன்றுகள் வேறு. எனவே மேற்குத் தொடுவானம் பல இடங்களில் உயர்ந்தே நிற்கும். நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. மலையின் உச்சி உங்கள் கண்மட்டத்துக்கு மேல் எத்தனை சுண்டுவிரல் உயரம் இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். மலை மூன்று விரல் உயரமிருந்தால், நாள்காட்டி 6.28 என்று சொன்னாலும் உங்கள் கேமராவுக்கு 6.16க்கே சூரியன் போய்விடும்.

இதே காரணத்தால் ஒகேனக்கல்லை நான் அஸ்தமனத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. அருவி காவிரியின் பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. ஆற்றுக்கு மேற்கே கர்நாடகப் பக்கத்து மலைகள் மறைப்பதால் சூரியன் நேரத்தோடே போய்விடும். சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும். அங்கே பகலில் எடுக்க வேறு எவ்வளவோ இருக்கிறது.

ஏரிக்கரைகளோ நமக்கு இயற்கையும் முன்னோரும் சேர்ந்து அமைத்துக் கொடுத்த மேடைகள். இந்த மாவட்டத்தில் நிலம் பெரும்பாலும் கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிவதால், பல ஏரிகளின் கரை தாழ்ந்த கிழக்குப் பக்கத்தில் அமைந்து, தண்ணீர் மேற்கே பரந்து கிடக்கிறது. கரைமேல் நின்றால் எதிரே நீர், அதற்கப்பால் மலை, அதற்கு மேல் வானம். பிரதிபலிப்பும் சேர்ந்து கிடைக்கும். தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. அணை போன்ற இடங்களில் அணைக்கட்டின் மேலோ தடுக்கப்பட்ட பகுதியிலோ ட்ரைபாட் வைப்பதற்கு முன் பணியிலிருப்பவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது. கிருஷ்ணகிரிக் கோட்டை, ராயக்கோட்டை போன்ற மலைக்கோட்டைகளின் உச்சியிலிருந்து எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் இருட்டிய பிறகு அந்தப் படிகளில் இறங்குவது ஆபத்து என்பதாலும், நம் காணொளியின் முக்கியப் பகுதியே இருட்டும் நேரம் என்பதாலும், கோட்டை மலையை நிழலுருவாகப் படச்சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) வைத்துக் கீழிருந்து எடுப்பதே மேல். தொப்பூர்க் கணவாயில் லாரி விளக்குகள் வளைந்து நெளிந்து இறங்குவது அழகுதான். அதற்காக நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கவே கூடாது.

இடத்தை முந்தைய நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். கைப்பேசியின் திசைகாட்டியே இதற்குப் போதும். இருசக்கர வாகனத்தின் மேல் வைத்துப் பார்த்தால் மட்டும் இரும்பு அதைத் திசைதிருப்பிவிடும். போட்டோபில்ஸ், சன் சர்வேயர் போன்ற செயலிகள் சூரியனின் பாதையைத் திரையிலேயே வரைந்து காட்டுகின்றன. எதுவும் இல்லையென்றாலும் முதல்நாள் மாலை அங்கே நின்று ஒரு படம் எடுத்து வைத்தால், மறுநாள் மறையும் இடம் அதிலிருந்து சூரிய விட்டத்துக்கும் குறைவான தூரமே தள்ளியிருக்கும்.

கருவிகள்

கேமராவில் எக்ஸ்போஷரைக் கையால் அமைக்கும் வசதியும், குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படம் எடுக்கும் வசதியும் வேண்டும். இரண்டாவது வசதி பல நிக்கான், சோனி, ஃபியூஜி கேமராக்களில் உள்ளேயே இருக்கிறது. இல்லாதவற்றுக்கு இன்டர்வலோமீட்டர் என்ற சிறு கருவியை வாங்கி, கேமராவின் ரிமோட் துளையில் செருகிக்கொள்ளலாம். உங்கள் மாடலுக்கான முனைதானா என்று பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் பழைய கேனான் பவர்ஷாட் கிடந்தால், சிஎச்டிகே என்ற இலவச மென்பொருள் பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. அது மெமரி கார்டிலிருந்தே இயங்கி, கேமராவின் சொந்த மென்பொருளை நிரந்தரமாக மாற்றாமலே இடைவெளிப் படப்பிடிப்பை நடத்தித் தரும்.

ட்ரைபாட் கனமாக இருக்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களையும் முழுதாக நீட்டாமல் தாழ்வாக நிறுத்தி, நடுக்கொக்கியில் கற்கள் நிரப்பிய பையைத் தொங்கவிட்டு, அந்தப் பை காற்றில் ஊசலாடாதபடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு வைக்க வேண்டும். ஏரிக்கரையின் புது மண்ணில் ஒரு கால் மெல்லப் புதைந்தால் ஒரு மணி நேரத்தில் தொடுவானமே சாய்ந்துவிடும். கால்களுக்கடியில் தட்டைக்கல் வையுங்கள். முழுதாக மின்னேற்றிய பேட்டரி, 32 ஜிபி கார்டு, லென்ஸ் துடைக்கும் துணி, நெற்றியில் கட்டும் டார்ச், கரையில் உட்கார ஒரு பழைய துண்டு இவ்வளவும் இருந்தால் போதும்.

எத்தனை படம், எவ்வளவு இடைவெளி

காணொளி நொடிக்கு 25 படங்களாக ஓடும் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் மறைவதற்கு 45 நிமிடம் முன்பு தொடங்கி, மறைந்த பின் 35 நிமிடம் வரை எடுத்தால் மொத்தம் 80 நிமிடம், அதாவது 4800 நொடி. 8 நொடிக்கு ஒரு படம் என்றால் 600 படங்கள். காணொளியில் 24 நொடி. ரா வடிவில் (சென்சார் பதிந்தபடியே சேமிக்கும் மூலக் கோப்பு) படம் ஒன்றுக்கு 25 எம்பி என்று கொண்டால் 15 ஜிபி ஆகும்.

இடைவெளியை நிர்ணயிப்பவை மேகங்கள்தான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்று வேகமாக இழுத்துவரும் மேகங்களை 8 நொடி இடைவெளியில் எடுத்தால் அவை துள்ளித் துள்ளி ஓடும். 3 அல்லது 4 நொடி வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஜனவரியில் அசையாத மெல்லிய மேகங்களுக்கு 10 நொடி கூடச் சரி. மேகமே இல்லாத மாலையை நான் எடுப்பதில்லை. வெறும் வானத்தில் ஒரு வட்டம் இறங்குவதைப் பார்க்க யாருக்கும் பத்து நொடிக்கு மேல் பொறுமை இருக்காது. கோடையில் இடிமேகம் திரளும் மாலைகள் கண்ணுக்கு விருந்து என்றாலும், மொட்டைப் பாறையின் மேல் உலோக ட்ரைபாடோடு நிற்பவர் மின்னலுக்குத் தானே குறியாகிறார். இடி முழக்கம் கேட்டதும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.

லென்ஸ் எவ்வளவு அகலம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் மேல் விழும் சூரிய பிம்பத்தின் விட்டம், லென்ஸின் குவியத் தூரத்தை (18, 35 என்று லென்ஸில் குறித்திருக்கும் மிமீ எண்ணை) 109ஆல் வகுத்தால் கிடைக்கும். 18 மிமீயில் அது 0.17 மிமீ மட்டுமே. ஏபிஎஸ்-சி கேமராவில் (தொடக்கநிலை கேமராக்களில் வழக்கமான சென்சார் அளவு) எடுத்து 1920 புள்ளி (பிக்சல்) அகலக் காணொளியாக்கினால், சூரியன் 14 புள்ளி அகலத்தில் ஒரு கடுகாகத் தெரியும். 35 மிமீயில் அது இருமடங்காகும். சட்டத்தின் உயரமும் 24 பாகை இருப்பதால், 45 நிமிடத்தில் சூரியன் இறங்கும் சுமார் 11 பாகையும் அதில் அடங்கும். முதல் முயற்சிக்கு 24 முதல் 35 மிமீ வரை ஏதாவது ஒன்றை வையுங்கள். 200 மிமீ லென்ஸில் சூரியன் பெரிதாக, அழகாக நிற்கும். ஆனால் சட்டத்தின் முழு உயரத்தையும் 17 நிமிடத்தில் கடந்துவிடும் என்பதால் 2 நொடி இடைவெளியில் கடைசிக் கால்மணி நேரத்தை மட்டும் எடுக்க வேண்டும். அப்போது ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது. கண் பார்வையைப் பறிக்கக்கூடிய ஆபத்து அது. திரையைப் பார்த்துச் சட்டம் அமைத்துவிட்டு லைவ் வியூவை அணைத்துவிட வேண்டும்.

சட்டம் அமைக்கும்போது இன்னொன்று. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் இங்கே ஏறத்தாழ நேர்குத்தாகவே இறங்குகிறது. செங்குத்திலிருந்து 12 முதல் 14 பாகை மட்டும் வலப்பக்கம் சாய்கிறது. 45 நிமிடத்தில் பக்கவாட்டு நகர்வு ஏறத்தாழ 2.5 பாகை, அதாவது ஐந்து சூரிய அகலம். மறையப் போகும் இடத்திலிருந்து அந்த அளவு இடப்புறமாகத் தொடக்கத்தில் சூரியன் நிற்கும் என்று கணக்கிட்டுச் சட்டத்தை முடிவுசெய்யலாம்.

கேமராவுக்குள் அணைக்க வேண்டியவை

தனிப்படத்துக்கு உதவும் தானியங்கி வசதிகள் எல்லாமே டைம்லேப்ஸுக்கு எதிரிகள். ஆட்டோ ஃபோகஸால் தொலைவிலுள்ள மலையின் விளிம்பைக் குறிவைத்துத் தெளிவாக்கிய பின், லென்ஸின் பொத்தானை எம்எஃப் நிலைக்குத் தள்ளி, அதன்பின் வளையத்தைத் தொடாதீர்கள். நடுக்கம் தடுக்கும் வசதியை அணைக்க வேண்டும். ட்ரைபாடில் அது சட்டத்தை நுட்பமாக நகர்த்தி, காணொளியில் நடுக்கமாகவே தெரியும். வண்ணச் சமநிலையைக் கவனிக்கும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால், கேமரா மாலைச் சிவப்பை ஏதோ குறை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். பகல்வெளிச்சம் என்ற நிலையிலோ 5500 கெல்வினிலோ நிறுத்திவிடுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கம் என்ற வசதி, ஒவ்வொரு நீண்ட படத்துக்குப் பின்னும் அதே நேரம் இன்னொரு கறுப்புப் படத்தை எடுத்துக்கொண்டிருக்கும் என்பதால் இடைவெளியே குலைந்துவிடும், அதையும் அணைக்கவும். எடுத்த படத்தைத் திரையில் காட்டும் வசதியை நிறுத்தினால் பேட்டரி மிச்சம். லென்ஸில் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள்; நேர்ச் சூரியனில் அது ஒளிப் பேய்களை (பிரதிபலிப்பால் விழும் போலி ஒளிப்புள்ளிகளை) உருவாக்கும். லென்ஸின் முன்கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தாலும் 600 படத்திலும் அது ஒளிவட்டமாக நிற்கும்.

அப்பர்ச்சரை (லென்ஸின் துளை அளவு) எஃப்5.6லும் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு) 100லும் வைத்து, அவை இரண்டையும் கடைசிவரை மாற்றாமல் ஷட்டர் வேகத்தை (ஒளி விழும் நேரம்) மட்டும் நகர்த்துவதே நான் கையாளும் முறை. மூடிய அப்பர்ச்சரில் இன்னொரு தொல்லை உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் இதழ்கள் மூடித் திறக்கும்போது அதே இடத்தில் வந்து நிற்பதில்லை. மயிரிழை வேறுபாடுதான், ஆனால் 25 படங்கள் ஒரு நொடிக்குள் ஓடும்போது அது சிமிட்டலாகத் தெரியும். எஃப்16 போன்ற சிறிய துளையில் இது மோசம். லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தால் இதழ்கள் அசைவதே இல்லை என்பதால் சிமிட்டலும் இல்லை. 18-55 லென்ஸின் 35 மிமீ நிலையில் எஃப்5.6 முழுத் திறப்பை ஒட்டியே இருப்பதால் நமக்கு இரட்டை லாபம்.

ஒளி இறங்கும் விதம்

வழிகாட்டியின் இதயம் இந்தப் பகுதிதான். என் குறிப்பேட்டில் இருக்கும் ஒரு மாலையின் கணக்கைத் தருகிறேன், எஃப்5.6, ஐஎஸ்ஓ 100 என்ற நிலையில் கேமராவின் ஒளிமீட்டர் காட்டிய ஷட்டர் வேகங்கள் இவை. மறைவுக்கு 45 நிமிடம் முன்பு 1/1000 நொடி. சூரியன் மறையும்போது 1/125. மறைந்து 10 நிமிடத்தில் 1/30. 20 நிமிடத்தில் 1/4. 30 நிமிடத்தில் 2 நொடி. 35 நிமிடத்தில் 4 நொடி. மேகத்தைப் பொறுத்து எண்கள் மாறும், போக்கு மாறாது. ஒளி பாதியாவதை ஒரு ஸ்டாப் என்கிறோம். 1/1000லிருந்து 4 நொடி வரை 12 ஸ்டாப். அதாவது வானம் 4000 மடங்கு மங்கிவிட்டது. அதிலும் முதல் 45 நிமிடத்தில் 3 ஸ்டாப் மட்டுமே போக, பின்வந்த 35 நிமிடத்தில் 9 ஸ்டாப் போயிருப்பதைப் பாருங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியுள்ள நாடுகளின் நீண்ட அந்தி நமக்குக் கிடையாது. சூரியன் குத்தாக இறங்குவதால் பொழுது சாய்ந்த இருபது நிமிடங்களிலேயே இங்கே ஆள் முகம் தெரியாமல் போகிறது.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, எக்ஸ்போஷரை மாற்றாமலே விடுவது. சூரியன் தொடுவானத்தைத் தொடும் நேரத்துக்கேற்ப ஓர் அளவைப் பூட்டிவிட்டால், தொடக்கம் வெளுத்தும் முடிவு கறுத்தும் போகும். நடுவிலுள்ள பத்து நிமிடம் மட்டும் தேறும். 200 மிமீ லென்ஸில் எடுக்கும் குறுங்காணொளிக்கு இது போதும்.

இரண்டாவது, அப்பர்ச்சர் முன்னுரிமை நிலையில் விட்டு, ஷட்டரைக் கேமராவே முடிவுசெய்ய விடுவது. சோம்பேறிகளின் வழி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கை ஓயாமல் கேமராவைத் தொட வேண்டியதில்லை என்பதால் சட்டம் அசையாது. ஆனால் ஒரு மேகம் சூரியனை மறைத்ததும் மீட்டர் திடுக்கிட்டு எக்ஸ்போஷரை ஏற்றும், விலகியதும் இறக்கும். சட்டத்தின் ஓரத்தில் ஒரு வண்டியின் முகப்பு விளக்கு வந்தாலும் இதே கதைதான். இந்த வழியில் போவதானால் மீட்டரிங்கை முழுச்சட்டத்தையும் அளக்கும் நிலையில் வைத்து, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7க்கு இறக்கி, டிஎஸ்எல்ஆர் எனில் வியூஃபைண்டரை மூடியாலோ கறுப்புத் துணியாலோ மறைக்க வேண்டும். பின்னாலிருந்து நுழையும் ஒளி மீட்டரைக் குழப்பும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

மூன்றாவது, மேனுவல் நிலையில் நாமே படிப்படியாக ஷட்டரை நகர்த்துவது. கேமராவின் சக்கரத்தை ஒரு சொடுக்கு திருப்பினால் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் மாறும். மேலே சொன்ன கணக்கின்படி, மறைவுக்கு முந்தைய முக்கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சொடுக்கு. மறைந்து முதல் பத்து நிமிடத்தில் சுமார் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு சொடுக்கு. அதன்பிறகு நிமிடத்துக்கு ஒரு சொடுக்கு என்று போனால் மீட்டரோடு ஒட்டிச் செல்லலாம். ஆனால் நான் முழுதும் ஒட்டிச் செல்வதில்லை. வானம் 12 ஸ்டாப் இறங்கினால் 10 ஸ்டாப் மட்டுமே ஏற்றி, மறைவுக்குப் பிறகு படிப்படியாக 2 ஸ்டாப் பின்தங்க விடுகிறேன். காரணம் எளிது: முழுதாக ஈடுசெய்துவிட்டால் கடைசிப் படமும் பட்டப்பகல் போலத் தெளிவாக இருந்து, பொழுது சாய்ந்த உணர்வே வராது. 4 நொடிக்குப் பதில் 1 நொடியில் முடிப்பதால், 8 நொடி இடைவெளிக்குள் படம் எடுத்துக் கார்டில் எழுதவும் தாராளமாக நேரம் இருக்கும். ஷட்டர் நேரம் இடைவெளியில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பதை விதியாகவே கொள்ளுங்கள். தாண்டினால் சில கேமராக்கள் அடுத்த படத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

சக்கரத்தைத் திருப்பும் தருணமும் முக்கியம். ஷட்டர் மூடிய ஓசை கேட்ட உடனே, இரண்டு விரல் நுனியால், கேமரா உடலை அழுத்தாமல் திருப்ப வேண்டும். வைஃபை உள்ள கேமராவில், இடைவெளிப் படப்பிடிப்பு ஓடும்போதே கைப்பேசியிலிருந்து மாற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முடிந்தால் அதுவே சிறந்தது. மேகம் திடீரென்று சூரியனை மறைத்தால் பதறி ஏற்றாதீர்கள். மேகம் வந்தால் காட்சி இருளுவது இயல்பு. பார்ப்பவர் அதை ஏற்றுக்கொள்வார். நாம் ஏற்றிய மறுநிமிடம் அது விலகினால்தான் சிக்கல்.

கரையில் நிற்கும் எண்பது நிமிடம்

ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்து, ட்ரைபாடை நிறுத்தி, ஐந்து சோதனைப் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸைச் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும். இடைவெளிப் படப்பிடிப்பு ஓடத் தொடங்கியதும் சட்டத்தைத் திருத்தும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தொடுவானம் அரைப் பாகை சாய்ந்திருந்தால் கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாம்; நடுவில் தொட்டுத் திருப்பினால் காணொளி அங்கே துள்ளும்.

கேமராவை விட்டு நகராமல் இருப்பதும் ஒரு வேலைதான். ஒரு மாலை நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். கரையில் மேய்ந்து திரும்பிய ஆட்டு மந்தையில் ஒரு கிடாய் ட்ரைபாட் காலில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிற்று. 310ஆவது படம். மந்தைக்குப் பின்னால் வந்த பெரியவர், "ஏம்பா, இவ்ளோ நேரமா ஒரே எடத்தையே புடிச்சிக்கினு இருக்கியே, அது எங்க ஓடிடப் போவுது?" என்று கேட்டார். அப்போதுதான் ஓடியிருந்தது. அதற்குப் பிந்தைய படங்களை முந்தையவற்றோடு பொருத்தி நகர்த்தி ஒட்டியதில், சட்டத்தின் ஓரங்களை எட்டில் ஒரு பங்கு வெட்ட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் ஆடுமாடு திரும்பும் தடம் எது என்று ஊராரிடம் கேட்டுவிட்டே இடம் பிடிக்கிறேன்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, இருட்டியதும் லென்ஸில் பனி ஈரம் படியலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டிப் பாருங்கள், ஆனால் ஷட்டர் திறந்திருக்கும்போது அல்ல. இருட்டில் புதரோரம் போகும்போது காலடி வெளிச்சம் இல்லாமல் நடக்காதீர்கள்.

படங்களைக் காணொளியாக்குதல்

படங்களைக் கணினிக்கு மாற்றியதும் முதலில் பெயர் எண்களைப் பாருங்கள். கேமராவின் எண் வரிசை 9999ஐத் தொட்டதும் 0001க்குத் திரும்பிவிடும். அந்தத் திருப்பம் உங்கள் 600 படங்களுக்கு நடுவில் வந்திருந்தால், எடிட்டிங் மென்பொருள் அதை இரண்டு துண்டாகவோ வரிசை மாற்றியோ எடுத்துக்கொள்ளும். எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தி, 0001இலிருந்து 0600 வரை மறுபெயரிட்டுவிட்டால் தலைவலி இல்லை.

ரா படங்களை லைட்ரூமிலோ, இலவசமான டார்க்டேபிள், ராதெரபி ஆகியவற்றில் ஒன்றிலோ திறந்து, நடுவிலுள்ள ஒரு படத்தைத் திருத்தி, அதே அமைப்பை எல்லாவற்றுக்கும் நகலெடுக்க வேண்டும். வண்ணத்தைக் கூட்டும்போது கையடக்கம் தேவை. நம் ஊர் மாலையைக் கிச்சிலிப்பழச் சாற்றில் முக்கி எடுத்ததுபோல் ஆக்கிவிடுபவர்களே அதிகம். மேனுவலில் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு சிறு படியாகத் தெரியும் அல்லவா? அந்தப் படிகளைக் கணக்கிட்டுச் சரிவாக மாற்றவே எல்ஆர்டைம்லேப்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. லைட்ரூமோடு சேர்ந்து இயங்கும். செலவில்லாமல் செய்ய விரும்புபவர்கள், விர்ச்சுவல்டப் மென்பொருளில் சிமிட்டல் நீக்கும் ஃபில்டரைச் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

பிறகு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் படக்கோப்புறையைத் திறந்தால், தொடர் எண்ணுள்ள படங்களை அது ஒரே கிளிப்பாகக் காட்டும். திட்டத்தின் வேகத்தை நொடிக்கு 25 என்று முதலிலேயே அமைத்துவிடுங்கள். கிளிப்புகளைச் சேர்த்த பின் மாற்ற விடாது. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 புள்ளிகள். அதிலிருந்து அகலத்திரை அளவுக்கு 6000க்கு 3375 வெட்டினால், மேலும் கீழுமாக 625 புள்ளிகள் மிஞ்சும். அதை வீணாக்காமல், தொடக்கத்தில் சட்டத்தை மேலேயும் முடிவில் கீழேயும் இருக்குமாறு மெல்ல நகர்த்தினால், சூரியனோடு பார்வையும் இறங்கி, கடைசியில் நீரின் மேல் விழும் ஊர் விளக்குகளில் வந்து நிற்கும். பின்னர் 3840க்கு 2160 அளவில் ஏற்றுமதி செய்யுங்கள்.

காணொளி முடிந்ததும் மூலப்படங்களை அழிக்க அவசரப்பட வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போதுதான் குறைகள் கண்ணில் படும். நின்ற இடம், திசைப் பாகை, மலையின் உயரம் எத்தனை விரல், எந்த நிமிடத்தில் எந்த ஷட்டர் வேகம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, தேதியோடு கோப்புறையிலேயே வைத்துவிடுங்கள். சூரியன் அதே இடுக்குக்குத் திரும்பும் இரண்டாவது தேதியையும் அதன் கீழே குறித்துக்கொண்டால், அடுத்த முறை அந்தக் கரைக்குப் போகும்போது இடம் தேட வேண்டியிருக்காது. மேகத்தைப் பார்த்து இடைவெளியை மட்டும் முடிவுசெய்தால் போதும்.